பெட்ரோலா? மின்சாரமா?

மோட்டார் வண்டி இனிப் பெட்ரோல், டீசல் எண்ணெயில் ஓடுவதா, அல்லது மின்சாரத்தில் ஓடுவதா என்பதைப் பற்றி இன்று உலகமெங்கும் பெரிய வாதம் நடந்து வருகின்றது. ஜாதியையும் மதத்தையும் பற்றி எழுதவேண்டிய பத்திரிகைக்கு மோட்டார் எஞ்சினில் என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கின்றது என்றே சொல்லுவோம். ஒரு சங்கதியைக் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்வதா, அல்லது வழக்கம், பெருமை, பயம், விளம்பரம் ஆகியவைகளைக் கொண்டு முடிவு செய்வதா என்பதுதான் பகுத்தறிவுக்காரர்களின் முதல் கேள்வி. அக்கேள்வி கோவிலில் எப்படி எழுகின்றதோ அப்படியே மோட்டார்க் கொட்டகையிலும் எழுகின்றது.

வெறும் வாய்ப்பேச்சாக இல்லாமல் ஒரு மலையை எடுத்துக்கொண்டு பேசுவோம். பழனி மலைகளும், அவற்றின்மேல் சுமார் 7000 அடி உயரத்திலிருக்கும் கொடைக்கானலும் இதற்கு மிகவும் ஏற்ற இடமாகும். வண்டியின் யோக்கியதை சமதரையில் அவ்வளவாகத் தெரியாது. ஏற்றத்திலும் இறக்கத்திலுந்தான் தெரியும்.

கொடைக்கானலில் 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் வீடு கட்டிக் குடியேறினார்கள். வெயிலுக்குப் பயந்து மலைமேல் போன அந்த துரைமார்களும் துரைசானிமார்களும் எப்படிப் போனார்கள்? பெரியகுளத்துக்கு அருகே மலையடிவாரத்துத் தோப்பு வரையில் மாட்டுவண்டியில் வந்து, அங்கிருந்து சிலர் குதிரையிலும், மற்றவர்கள் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்து மனிதர்களுடைய தோள்மேலும் போனார்கள். அந்தப் பாதைக்கு வெள்ளைக்காரர் இட்டு வழங்கிய பெயரே "கூலி காட்" என்பதாகும். சுமந்தவன் பெயரைப் பாதைக்கு வைத்தார்களே தவிர, சுமையை இறக்க அவர்களுக்கு அவசரமிருக்கவில்லை. வத்தலக்குண்டிலிருந்து மேஜர் லா என்பவர் 1870-களில் திட்டமிட்ட வண்டிச்சாலை நெடுங்காலம் முடியாமல் கிடந்து, 1914-இல் முடிந்து, 1916-இல் பொதுஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் பிறகு மோட்டார் மலை ஏறிற்று. அந்தச் சாலையில் டோலி இறங்கிற்று. எந்தச் சாஸ்திரமும், எந்த அவதாரமும், எந்த மகானும் இறக்காத பல்லக்கை ஒரு எண்ணெய் எஞ்சின் இறக்கிற்று என்பதை நாம் மறக்கக்கூடாது.

ஆனால் எஞ்சின் வந்த உடனே சமத்துவமும் கூடவே வந்துவிட்டதா என்றால், அதுதான் இல்லை. பஸ்கள் ஓட ஆரம்பித்த காலத்தில் ஆதிதிராவிட மக்களை ஏற்றமாட்டோம் என்று பஸ் முதலாளிகள் பலர் சொன்னார்கள். பெட்ரோலுக்கு ஜாதி தெரியாது, டிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கொடைக்கானல் மலையடிவாரத்துப் பட்டிவீரன்பட்டியில் பிறந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள் 1920-களின் கடைசியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, எவரையும் ஜாதி காரணமாக ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்சு இல்லை என்று உத்தரவு போட்ட பிறகுதான் அந்த ஜில்லாவில் கதவு திறந்தது. எஞ்சினைக் கண்டுபிடித்தவன் ஒருவன். அதில் எல்லாரும் ஏறலாம் என்று செய்தவன் வேறொருவன். இந்த இரண்டு வேலையும் நடந்தால்தான் ஒரு யந்திரத்தால் மக்களுக்குப் பயன் உண்டு. நாம் இன்று சொல்ல வந்த சங்கதியும் இதுதான்.

நிற்க. மின்சார வண்டி என்பது நேற்று முளைத்த மோகம் என்று சொல்லுகின்றவர்களுக்குச் சரித்திரம் தெரியாது என்றே சொல்லவேண்டும். சென்னைப் பட்டணத்தில் 1895-இலேயே மின்சார டிராம் ஓடிற்று. 1953 வரையில் ஓடிற்று. தரையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய மோட்டார், 1899-இல் ஜெனாட்சி என்ற பெல்ஜியக்காரர் ஓட்டிய மின்சார வண்டியேயாகும். 1900-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் இருந்த மோட்டார்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மின்சார வண்டிகள். பின்பு எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. 1908-இல் போர்டு கம்பெனியின் மலிவு வண்டி வந்தது. 1912-இல் கைப்பிடி போட்டுச் சுழற்றாமல் எஞ்சினைக் கிளப்பும் மின்சாரக் கருவியும் கார்களில் வந்தது. அன்றைய பாட்டரியோ கனமானது, சீக்கிரம் தீர்ந்துபோவது. ஆகவே மின்சார வண்டி தோற்றது. அன்று தோற்றதற்குக் காரணம் இருந்ததுபோலவே இன்று திரும்பி வருவதற்கும் காரணம் இருக்கின்றது. 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம் பாட்டரியே அந்தக் காரணம். இதில் தெய்வ சங்கற்பமும் இல்லை, கலியுக தர்மமும் இல்லை.

நம் நாட்டிலேயே ஒரு உதாரணம் சொல்லுவோம். கோவை ஜி.டி. நாயுடு அவர்கள் 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமாக ஒரே ஒரு பஸ் விட்டுத் தொழில் தொடங்கினார். பள்ளிப் படிப்பில் பெரிய பட்டம் எதுவும் இல்லாதவர். எண்ணெய் எஞ்சினால் பிழைத்த அவரே 1937-இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்யும் வேலையில் இறங்கினார். "நான் பஸ்காரன், எனக்கு எண்ணெய்தான் குலதெய்வம்" என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. யந்திரத்துக்கு நன்றி செலுத்துவது வேறு, அதற்குப் பூசை செய்வது வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். வத்தலக்குண்டு ஏறக்குறைய 1000 அடி. கொடைக்கானல் 7000 அடி. 1500 கிலோ எடையுள்ள காரை 6000 அடி உயரம் தூக்குவதற்கு மட்டும், சாலை உராய்வையும் காற்றையும் சேர்க்காமல், ஏறக்குறைய ஏழரை யூனிட் சக்தி வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் சூடு இருக்கின்றது. ஆனால் பெட்ரோல் எஞ்சின் அதில் 100க்கு 25 அல்லது 30 பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். மற்றதெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் காற்றில் போகும். ஆகவே தூக்குவதற்கே மூன்று லிட்டர் தொலைகின்றது. மின்மோட்டாரோ தனக்குக் கொடுத்ததில் 100க்கு 85 முதல் 90 பங்கு வரையில் சக்கரத்துக்குக் கொடுக்கின்றது. அதே வேலைக்கு எட்டரை யூனிட் மின்சாரம் போதும். மூன்று லிட்டரின் விலையையும் எட்டரை யூனிட்டின் விலையையும் வாசகர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: எண்ணெய் எஞ்சின் மூச்சுவிடும் யந்திரம், அதற்குக் காற்று வேண்டும். 7000 அடியில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதைவிட 100க்கு 20 பங்கு குறைவு. ஆகவே சாதாரண எஞ்சின், மேலே போகப்போகத் திணறுகின்றது. காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வைத்த எஞ்சின் இதை ஓரளவு சமாளிக்கும். மின்மோட்டாருக்கோ மூச்சே தேவையில்லை.

இறக்கத்தில் வித்தியாசம் இன்னும் அதிகம். மலையிறங்கும் பஸ் வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு அருகே வரும்போது பிரேக் கட்டை கருகும் நாற்றத்தை நாம் எத்தனையோ முறை முகர்ந்திருக்கின்றோம். அது வேறு ஒன்றுமில்லை. எண்ணெய் எரித்து மேலே தூக்கிய சக்தி பிரேக்கில் உரசிச் சூடாகிப் பாழாகும் நாற்றமேயாகும். மின்சார வண்டி இறங்கும்போது அதன் மோட்டாரே டைனமோவாக மாறி வண்டியையும் நிதானப்படுத்துகின்றது, பாட்டரிக்கும் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கின்றது. ஏறச் செலவழித்ததில் மூன்றிலொரு பங்காவது இப்படித் திரும்பக் கிடைக்கும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பக்கத்து ஆனைமலையில் காடம்பாறையில் 1987 முதல் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி 400 மெகாவாட் வரையில் மின்சாரம் எடுக்கின்றார்களே, அதே தத்துவந்தான். ஆனால் ஒன்று கவனிக்கவேண்டும்: மேலேயே பாட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்கினால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்ற முடியாது.

எதிர்வாதங்களையும் மறைக்காமல் பார்ப்போம். "மின்சாரமும் நிலக்கரியில்தானே வருகின்றது, புகை கொடைக்கானலில் இல்லாவிட்டால் நெய்வேலியில் இருக்கின்றது" என்கின்றார்கள். இது பாதி உண்மை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வந்தே தீரும். அதை எந்த ஞானியாலும் குறைக்க முடியாது. மின்சாரமோ இன்று நிலக்கரியில் வந்தாலும் நாளை வேறு வழியில் வரலாம். இன்றே ஒரு பங்கு அப்படித்தான் வருகின்றது. உடுமலைப்பேட்டைப் பக்கத்திலும் தேனிப் பக்கத்திலும் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளை மலையிலிருந்தே பார்க்கலாம். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் ஏற்பட்டது. சூரியனுக்குத் தேர் என்றும், ஏழு குதிரை என்றும் சொல்லிக் கும்பிட்டவர்களுக்கு ஒரு விளக்குத் திரியளவு மின்சாரமும் கிடைக்கவில்லை. கொடைக்கானலில் 1899-இல் ஏற்பட்ட சூரிய ஆராய்ச்சி நிலையத்தார் குதிரையைத் தேடாமல் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். அங்கேதான் 1909-இல் எவர்ஷெட் என்பவர் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். சூரியனைக் கும்பிட்டவனைவிட ஆராய்ந்தவனே உலகத்துக்கு உபயோகப்பட்டான். இது தவிர, இந்தியாவுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100க்கு 85 பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து வாங்கப்படுகின்றது என்பதையும், சுதேசியம் பேசுகின்றவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும்.

"பாட்டரி விலை அதிகம், குளிரில் அதன் ஓட்டம் குறையும், அது செத்தால் குப்பை" என்கின்றார்கள். உண்மையே. பாட்டரியில் சேரும் கோபால்ட்டைக் காங்கோ நாட்டில் குழந்தைகள்கூடத் தோண்டுகின்றார்கள் என்பதும் உண்மையே. கோபால்ட் இல்லாத பாட்டரிகள் வந்துவிட்டன. அவைகளைக் கேட்டு வாங்கவேண்டியது நம் கடமை. குப்பை விஷயத்தில் கொடைக்கானல் மக்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவிலிருந்து 1980-களில் கொண்டுவந்து வைத்த வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு வெளிப்பட்டு, 2001-இல் அது மூடப்பட்டதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். வேலை செய்தவர்கள் வியாதியோடு பல வருஷம் போராடினார்கள். ஆகவே 2022-இல் வந்த பாட்டரிக் கழிவு விதிகள் காகிதத்தில் தூங்காமல், பழைய பாட்டரியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் பொறுப்பைக் கம்பெனிக்காரன் தலையிலேயே கட்டவேண்டும். "புதியது, ஆகவே நல்லது" என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான்.

மூடநம்பிக்கை என்றவுடன் ஒன்று ஞாபகம் வருகின்றது. சமீபத்தில் நாம் ஒரு மின்சார ஸ்கூட்டர்க் கடைக்குப் போயிருந்தோம். புகையில்லை, எண்ணெயில்லை, கையடக்கப் போனிலேயே வண்டியின் உடம்பெல்லாம் தெரியும் என்று விளக்கினார்கள். எல்லாம் முடிந்து வண்டியை வெளியே எடுக்கும்போது, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம்! சூடம்! நல்ல நேரம்! நூறு வருஷத்து ஆராய்ச்சி எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறி இறங்கிற்று. கடைப் பையன்மேல் நமக்குக் கோபமில்லை. 2019-இல் நாட்டின் பாதுகாப்பு மந்திரியே பிரான்சு தேசத்துக்குப் போய் ரபேல் போர்விமானச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தாரே, கடைப் பையன் எம்மாத்திரம்? பழம் காப்பாற்றும் என்றால் பிரேக் எதற்கு என்று மட்டும் கேட்கின்றோம்.

பழனியையே பாருங்கள். ஒரு பழத்துக்காக மயில்மேல் ஏறி உலகத்தைச் சுற்றி வந்ததாகச் சொல்லப்படும் சாமியின் மலை அது. அந்த மயில் பெட்ரோலும் கேட்கவில்லை, மின்சாரமும் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சாமியைப் பார்க்க ஏறக்குறைய 700 படி ஏற முடியாத கிழவனுக்கும் நோயாளிக்கும் மயில் வரவில்லை. 1966-இல் மின்சார விஞ்சுதான் வந்தது. 2004-இல் கயிற்றுக் கார் வந்தது. 2024-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவைத் தொடர்ந்து கிரிவீதியில் தனியார் வண்டிகள் தடுக்கப்பட்டு, தேவஸ்தானத்தின் பாட்டரி வண்டிகள் விடப்பட்டன. இதை நாம் கேலி செய்யவில்லை, வரவேற்கின்றோம். ஆனால் காலில்லாதவனை மேலே கொண்டுபோனது அருளா, மோட்டாரா என்பதைப் பக்தர்கள் கயிற்றுக் காரில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நிமிஷமாவது யோசிக்கட்டும்.

இனி, முக்கியமான சங்கதிக்கு வருவோம். கொடைக்கானலுக்குக் கூட்டம் தாங்காமல் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025-இல் உயர்நீதிமன்றம் ஏப்ரல் முதல் ஜூன் வரையில் வாரநாட்களில் 4000, வாரக் கடைசியில் 6000 வண்டிகளுக்கு மேல் விடக்கூடாது என்று உத்தரவிட்டது. இப்பொழுது கேட்கின்றோம்: அந்த 4000 எண்ணெய்க் கார்களும் 4000 மின்சாரக் கார்களாக மாறிவிட்டால் பெருமாள்மலையில் நிற்கும் வண்டி வரிசை ஒரு முழமாவது குறையுமா? புகை குறையும்; நெரிசல் அப்படியே இருக்கும். பணக்காரன் புகையில்லாமல் போவான். பூம்பாறையில் பூண்டு விளைவிப்பவனும், தாண்டிக்குடி காப்பித் தோட்டத்துக் கூலிப் பெண்ணும், பண்ணைக்காட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் அதே பழைய பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள். ஒரு பஸ்ஸில் 50 பேர் போகலாம். அந்த 50 பேரும் கார்களில் போவதென்றால் பத்துப் பன்னிரண்டு கார் வேண்டும். ஆகவே மின்சாரம் முதலில் ஏறவேண்டியது காரில் அல்ல, பஸ்ஸில். சென்னையில் 2025 ஜூன் 30-இல் 120 மின்சார பஸ்களைச் சர்க்கார் விட்டார்கள். பட்டணத்துக்கு வந்தது நல்லதுதான். ஆனால் ஏற்றத்தில் அதிகம் எரித்து, இறக்கத்தில் அத்தனையையும் பாழாக்கும் மலைச்சாலை பஸ்ஸுக்கல்லவா அது அதிகம் பயன்படும்?

இன்னும் ஒரு கூட்டத்தாரை மறக்கக்கூடாது. எண்ணெய் எஞ்சினில் நூற்றுக்கணக்கான அசையும் உறுப்புகள் உண்டு. மின்மோட்டாரில் மிகச் சிலவே. அதாவது வத்தலக்குண்டிலும் பழனியிலும் எண்ணெய்க் கறை படிந்த கையோடு பிழைக்கும் மெக்கானிக்குக்கு வேலை குறையும். "காலம் மாறுகின்றது, நீ செத்துப்போ" என்று அவனிடம் சொல்லுவது அறிவு ஆகாது, அயோக்கியத்தனம் ஆகும். பல்லக்குத் தூக்கியவனுக்கு டோலி போனபோது யாரும் வேறு தொழில் கற்றுக் கொடுக்கவில்லை. அந்தத் தப்பை இரண்டாம் முறையும் செய்யவேண்டாம்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான்:

1. கொடைக்கானல், பழனி மலைச்சாலைகளில் முதலில் மின்சார பஸ்கள் விடப்படவேண்டும். கட்டணம் கூலிக்காரன் கொடுக்கும் அளவிலேயே இருக்கவேண்டும்.

2. மின்னேற்றும் நிலையங்கள் ஓட்டல் முதலாளிகளின் முற்றத்தில் மட்டும் இல்லாமல், அடிவாரத்திலும் மலைக்கிராமங்களின் பஸ் நிலையங்களிலும் இருக்கவேண்டும்.

3. செத்த பாட்டரி ஒன்றுகூட மலையில் தங்கக்கூடாது.

4. மெக்கானிக்குகளுக்கும் டிரைவர்களுக்கும் சர்க்கார் செலவில் புதிய தொழிலைக் கற்பிக்கவேண்டும்.

பெட்ரோல் எஞ்சின் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. அது தன் காலத்தில் தன் வேலையைச் செய்தது. டோலியைவிட நல்லது வந்ததும் டோலி போனதுபோல, எஞ்சினைவிட நல்லது வந்ததும் எஞ்சினும் போகவேண்டியதுதான். பாட்டரியும் ஒரு நாள் போகும். யந்திரங்களில் எதுவும் சனாதனம் இல்லை, இருக்கவும் கூடாது.

ஆனால், கடைசியாக ஒன்று. கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவி என்று ஒரு ஊர் உண்டு. தலைமுறை தலைமுறையாக வண்டிச்சாலை இல்லாமல், பிரசவ வேதனைப்படுகிற பெண்ணையும் பாம்பு கடித்தவனையும் டோலி கட்டி மலைமேல் தூக்கிக்கொண்டு போன ஊர் அது. ஊருக்குள் செருப்புப் போட்டால் சாமி கோபிக்கும் என்று வெறுங்காலோடு நடந்த ஊரும் அதுவே. வெள்ளைக்காரனுடைய டோலி 1916-க்குப் பிறகு இறங்கிவிட்டது. ஏழையின் டோலி அதற்குப் பிறகு நூறு வருஷமானாலும் அவ்வளவு சுலபமாக இறங்கவில்லை. பெட்ரோலா, மின்சாரமா என்று வாதம் செய்கின்றவர்கள் அந்தத் தோளை முதலில் ஒருமுறை பார்த்துவிட்டு வாதம் செய்யட்டும். அந்தத் தோளில் இருக்கும் சுமையை எது இறக்குகின்றதோ அதுதான் நமது வண்டி.